480 வெள்ளி, எட்டு வாசகர்: வரப்போகும் துப்பறியும் நாவல்களை எப்படி வாங்குவது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர், சுங்கை சிப்புட், அதன் பெயர் வரலாற்றுப் புத்தகங்களில் ஏறியதே கொலையால்தான். 1948 ஜூன் 16ஆம் தேதி காலையில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் ஐரோப்பிய நிர்வாகிகள் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். அது முடிய 1960 ஆனது. “நம்ம ஊரு மண்ணுலயே இவ்வளவு பெரிய கொலைக்கதை கிடக்கு, அப்புறம் எதுக்கு வெள்ளைக்காரன் கதைக்கு முன்பணம் கட்டணும்?” என்று கிராணி ஐயா கேட்பார். கேட்டுவிட்டு, புத்தகம் வந்ததும் முதல் ஆளாகக் கையை நீட்டுவதும் அவர்தான்.

நாங்கள் எட்டுப் பேர். சங்கம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு எதுவும் இல்லை. பதிவு கிடையாது, தலைவர் கிடையாது. ஞாயிறு காலை கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பசியாறிவிட்டு, பின் மேசையில் உட்கார்ந்து யார் யாரைக் கொன்றார்கள் என்று பேசுவோம். பக்கத்து மேசைக்காரர்கள் முதலில் பயந்தார்கள், இப்போது பழகிவிட்டது. கிராணி ஐயாவுக்கு வயது 74, தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்திய டீச்சர் ஒருவர். மருந்துக் கடையில் வேலை செய்யும் அக்கா. செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றும் லோரி ஓட்டும் தம்பி. தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் அக்கா மகள், அவள் விடுமுறைக்கு வந்தால்தான் உண்டு. புத்தகம் வாங்கிக் கொடுத்தால் படிப்போம், பேசச் சொல்லாதீர்கள் என்கிற இருவர். அப்புறம் நான், எண்ணெய் ஆலையின் எடைமேடையில் கணக்கர்.

ஆளுக்கு மாதம் 10 வெள்ளி, அதாவது ரிங்கிட். ஆறு மாதத்தில் 480 வெள்ளி சேரும். ஆகஸ்டுக்குள் அதை எப்படிச் செலவிடுவது என்று முடிவு செய்தாக வேண்டும். காரணம் எளியது. இங்கிலாந்துப் பதிப்பாளர்கள் தங்கள் பெரிய புத்தகங்களை செப்டம்பர் முதல் நவம்பர் வரையில்தான் இறக்குவார்கள், கிறிஸ்துமஸ் பரிசு வியாபாரத்தைக் குறிவைத்து. தமிழில் காலண்டர் வேறு: சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி ஜனவரியில் நடக்கும், 1977இலிருந்து நடக்கிறது, புது நூல்கள் பெரும்பாலும் அதற்காகவே அச்சகத்திலிருந்து ஓடிவரும். ஆகஸ்டில் பணத்தை எல்லாம் கொட்டிவிட்டால் ஜனவரியில் கை காயும். ஜனவரிக்கென்று முடக்கி வைத்தால் நான்கு மாதம் வாய் காயும்.

இந்த முறை ஒரு முழு ஞாயிறு இதற்கே போனது. அன்று பேசியதைத்தான் எழுதுகிறேன். எங்களைப் போல சிறு ஊரில் இருந்துகொண்டு புது நாவலுக்காக நகத்தைக் கடிக்கிறவர்கள் வேறு பேரும் இருப்பார்கள்.

முதலில் முன்பதிவு. இங்கிலாந்தில் ஒரு நாவல் கெட்டி அட்டையில்தான் முதலில் வரும், வியாழக்கிழமையில் வரும். விலை 20 பவுண்டைத் தாண்டும். ஏறத்தாழ ஓர் ஆண்டு கழித்துத்தான் சிறிய மெல்லட்டைப் பதிப்பு. ஆனால் நம் பக்கத்துக்கு என்று இடையில் ஒன்று உண்டு. கெட்டிப் பதிப்பின் அதே பெரிய அளவு, அதே உள்பக்கம், அட்டை மட்டும் மெலிது. ஏற்றுமதிக்காகவும் விமான நிலையக் கடைகளுக்காகவும் அச்சிடுவது. கெட்டிப் பதிப்பு அங்கே வரும் அதே சமயத்தில் இது கோலாலம்பூர் கடைகளில் அடுக்கப்படும். லண்டன்காரன் ஓர் ஆண்டு காத்திருந்து வாங்கும் மெல்லட்டையை நாம் முதல் வாரத்திலேயே வாங்குகிறோம் என்று டீச்சர் பெருமையாகச் சொல்வார். விலை சுமார் 80 வெள்ளி. அப்படிப் பார்த்தால் 480க்கு ஆறு புத்தகம்.

80 வெள்ளி என்றதும் எல்லாருடைய முகமும் சுருங்கும். மருந்துக் கடை அக்கா நேராகவே சொன்னார்: “ஒரு புத்தகத்துக்கு 80 வெள்ளியா? மூணு நாள் மார்க்கெட் செலவு.” இங்கேதான் நான் எடைமேடைக்காரன் புத்தியைக் காட்டினேன். எட்டுப் பேர் படித்தால் ஆளுக்கு 10 வெள்ளிதான். 45 வெள்ளிக்கு மின்னூல் வாங்கினால் அது ஒருத்தர் கணக்கில் கிடக்கும், கடன் கொடுக்க முடியாது. எட்டுப் பேரும் வாங்கினால் 360. ஆக, பார்வைக்கு மிக விலை உயர்ந்ததாகத் தெரிவது, தலைக்கு வகுத்தால் மிக மலிவாகிவிடுகிறது.

கிராணி ஐயா விடவில்லை. “தலைக்கு வகுத்தே, நாளைக்கும் வகுத்துப் பாரு” என்றார். வகுத்தேன். ஒருவர் பத்து நாளில் முடித்தாலும் எட்டாவது ஆள் கைக்கு வர 70 நாள். அதற்குள் முதல் ஆள் எட்டு ஒன்பது ஞாயிற்றுக்கிழமை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கிராணி ஐயா ஒரு ஞாயிறு தாங்க மாட்டார். போன முறை சமையல்காரி பெயரை யாரோ எடுத்ததும் “அவ பாவம்பா” என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்தப் பெண்மேல் எங்களுக்கு இருந்த சந்தேகமெல்லாம் அங்கேயே செத்தது. துப்பறியும் கதையில் கொலையாளி யார் என்று சொன்னால்தான் கெடும் என்பதில்லை. யார் இல்லை என்று சொன்னாலும் பாதி கெட்டுவிடும்.

ஆகவே விலையை விட முக்கியமான ஒரு கணக்கு இருக்கிறது: ரகசியம் கசியும் வேகம். எல்லா நாவலும் ஒரே வேகத்தில் கசிவதில்லை. அன்று மேசையில் நாங்கள் கண்டுபிடித்த உருப்படியான விஷயம் இது ஒன்றுதான்.

உதாரணத்துக்கு, ரிச்சர்ட் ஆஸ்மன். ஓய்வு பெற்ற முதியவர்கள் நான்கு பேர் வியாழன்தோறும் கூடிப் பழைய கொலைகளை ஆராயும் கதையோடு 2020 செப்டம்பரில் தொடங்கினார். அதிலிருந்து 2025 வரை ஒவ்வொரு செப்டம்பரிலும் அவருடைய ஒரு புத்தகம் வந்திருக்கிறது. சம்பளத் தேதி மாதிரி. இந்த வகை எழுத்து மளமளவென்று போகும், நகைச்சுவை நிறைய, அத்தியாயம் சின்னது. படித்தவர் வாய் சும்மா இருக்காது. உலகம் முழுக்க அதே வாரத்தில் படிப்பதால் கைப்பேசியைத் திறந்தாலே ஏதாவது கண்ணில் படும். இதற்கு ஒரு பிரதி போதாது. இரண்டு பிரதி வாங்கி, சீக்கிரம் சுற்றுக்கு விட்டு முடித்துவிட வேண்டும். (கிராணி ஐயாவுக்கு இந்த வரிசைமேல் தனிப் பாசம். கிழவர்கள் துப்பறிகிறார்கள் அல்லவா.)

எதிர்ப்பக்கத்தில் அபிர் முகர்ஜி போன்றவர்கள். 1919 கல்கத்தாவில் ஓர் ஆங்கிலேய அதிகாரியும் பானர்ஜி என்ற வங்காள சார்ஜென்டும் துப்பறியும் வரிசை அவருடையது, 2016இல் தொடங்கியது. ஹரிணி நாகேந்திராவின் வரிசை 1921 பெங்களூரில் தொடங்குகிறது. சேலை கட்டிய ஒரு கணக்குப் பிரியை அதில் துப்பறிகிறார். முதல் நூல் 2022இல் வந்தது. டீச்சருக்கு உயிர். இந்த மாதிரிக் கதைகளில் யார் கொன்றது என்பது தெரிந்துபோனாலும் பெரிய நட்டமில்லை. அந்தத் தெரு, அந்தக் கிளப்பில் யார் உள்ளே போகலாம் யார் வாசலில் நிற்க வேண்டும், ஒரே குற்றத்துக்கு யாருக்கு என்ன தண்டனை, இதற்காகத்தான் படிக்கிறோம். தோட்டத்தில் பெரிய துரை பங்களாவையும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தையும் ஒரே நாளில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது எதுவும் தூரத்துக் கதை இல்லை. இதற்கு ஒரு பிரதி போதும். மெதுவாகச் சுற்றட்டும்.

மூன்றாவது ஒரு ரகம் உண்டு, தலையணை ரகம். ஜே.கே. ரௌலிங், ராபர்ட் கால்பிரெய்த் என்ற புனைபெயரில் எழுதும் வரிசையில் 2022இல் வந்த நாவல் ஏறத்தாழ ஆயிரம் பக்கம். என் அக்கா மகள் அந்த வரிசைக்கு அடிமை. ஆயிரம் பக்கத்தை வேலைக்குப் போகிற ஒருவர் முடிக்க 25 நாள் என்று வைத்தால், எட்டுப் பேர் கை மாற ஆறு மாதத்துக்கு மேல். சுற்று முடியும்போது சிறிய மெல்லட்டைப் பதிப்பே கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிடும். அப்படியானால் அதற்கு எதற்கு 80 வெள்ளி? தலையணை ரகத்துக்குக் காத்திருப்பதே சரி. அவள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மின்னூலாகத் தன் காசில் வாங்கிக்கொள்கிறேன் என்றாள். வாங்கிக்கொள்ளட்டும்.

முன்பதிவில் ஓர் எச்சரிக்கை, சொந்த அனுபவம். இரண்டு ஆண்டுக்கு முன் இணையச் சந்தையில் ஒரு விற்பனையாளர், அந்த மாதம்தான் வெளியான நாவலை 29 வெள்ளிக்குப் போட்டிருந்தார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். வந்த புத்தகத்தின் தாள் சாம்பல் நிறம், எழுத்து மங்கல், ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. கள்ளப்பதிப்பு. சரி, படித்தால் போதும் என்று படித்தேன். 288ஆம் பக்கத்துக்குப் பிறகு மறுபடி 257 வந்தது. புத்தகம் 16 அல்லது 32 பக்கக் கட்டுகளாக மடித்துக் கோக்கப்படுவது. ஒரு கட்டு இரண்டு முறை, அடுத்த கட்டு இல்லவே இல்லை. துப்பறியும் நாவலில் அந்த 32 பக்கம் போனால் என்ன மிஞ்சும்? லோரி தம்பி சளைக்காமல், அந்தப் பக்கங்களில் என்ன நடந்திருக்கும் என்று தானே ஒரு கதை கட்டினான். பிறகு நல்ல பிரதி கிடைத்துப் படித்தேன். அவன் சொன்ன கொலையாளிதான் எனக்கு இன்றைக்கும் பொருத்தமாகப் படுகிறது. எப்படியோ, புது நாவல் பாதி விலைக்கும் கீழே கிடைத்தால் அது புது நாவல் இல்லை.

அடுத்தது காத்திருப்பது. இதில் இரண்டு விதம். ஒன்று, சிறிய மெல்லட்டை வரும் வரை ஓர் ஆண்டு. விலை 50 வெள்ளியை ஒட்டி இருக்கும். 480க்கு ஒன்பது புத்தகம். இன்னொன்று, கழிவு விற்பனை வரும் வரை. பிக் பேட் வுல்ஃப் பெட்டி பெட்டியாகப் புத்தகம் விற்பது நம் நாட்டில் 2009இல் தொடங்கியது. வெளிநாட்டுப் பதிப்பாளர்களிடம் விற்காமல் தங்கியவற்றை மொத்தமாக எடுத்து வந்து விற்பதுதான் அதன் அடிப்படை. அங்கே போய் வரப்போகும் நாவலைத் தேடக் கூடாது. வந்து போனதைத்தான் தேட வேண்டும். அதுவும் வரிசையின் மூன்றாம் புத்தகம் கிடைக்கும், முதல் இரண்டும் கிடைக்காது. என்னிடம் இப்படி நடுவிலிருந்து தொடங்கிய வரிசைகள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன.

ஆனால் காத்திருப்பதில் ஓர் உண்மையான லாபம் உண்டு, அது பணமில்லை. ஓர் ஆண்டில் சலசலப்பு அடங்கிவிடும். பிரிட்டனின் குற்றப் புனைவு எழுத்தாளர் சங்கம் 1955இலிருந்து ஆண்டின் சிறந்த நாவலுக்கு விருது கொடுக்கிறது, அதன் இறுதிப் பட்டியல் அதற்குள் வந்திருக்கும். அட்டையில் “மூச்சை நிறுத்தும் திருப்பம்” என்று போட்ட பத்துப் புத்தகத்தில் எட்டு மறந்துபோயிருக்கும். முதல் நாவல் எழுதும் புது ஆளுக்கு நான் முன்பணம் கட்ட மாட்டேன், இந்தக் காரணத்தால்தான். அவருக்காக ஓர் ஆண்டு பொறுக்கலாம். பழகிய வரிசைக்குப் பொறுக்க முடியாது. அங்கே நாம் காத்திருப்பது கொலைக்காகக்கூட இல்லை, அந்தத் துப்பறிவாளருக்கு என்ன ஆச்சு என்பதற்காக.

பொறுமை என்றால் ஜப்பானிய நாவல் படிப்பவரைக் கேட்க வேண்டும். செய்ஷி யோகோமிசோவின் துப்பறிவாளர் கிண்டாயிச்சி முதலில் தோன்றிய நாவல் 1946இல் தொடராக வந்தது. ஆங்கிலத்தில் அது வந்தது 2019இல். 73 ஆண்டு! நமக்கு அது “புது வெளியீடு”. இப்படி மொழிபெயர்ப்பில் வருவதை எதிர்பார்ப்பது தனி சுகம். எழுதியவர் காலமாகிப் பல ஆண்டாகிவிட்டது, வரிசையில் இன்னும் எத்தனை இருக்கிறது என்று பட்டியலே கையில் இருக்கிறது, நாம் காத்திருப்பது மொழிபெயர்ப்பாளருக்காக மட்டும்.

இனி தமிழ். இங்கே கொஞ்சம் நிதானிக்கிறேன், ஏனென்றால் எங்கள் எட்டுப் பேரையும் இந்தப் பழக்கத்தில் தள்ளியது தமிழ் மாத நாவல்கள்தான்.

தோட்டத்தில் எனக்கு நினைவு தெரிந்தபோது, ராஜேஷ்குமார் நாவல் ஒன்று லயத்துக்குள் நுழைந்தால் பதினைந்து வீடு சுற்றித்தான் வெளியே போகும். அட்டை முதலில் போகும், பிறகு முதல் பக்கம். கடைசியில் வாங்கியவருக்குக் கதை நடுவிலிருந்து கிடைக்கும். என் முதல் துப்பறியும் கதையை நான் ஒரு கச்சாங் பூத்தே சுருளில் படித்தேன். ஈப்போ புந்தோங் பக்கத்து ஆள், சைக்கிளில் வருவார், பழைய பத்திரிகைத் தாளைக் கூம்பாகச் சுருட்டிக் கடலை போட்டுக் கொடுப்பார். கடலை தீர்ந்ததும் தாளைப் பிரித்தால், ஓர் இன்ஸ்பெக்டர் குளியலறைக் கதவை உடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த நாள் பத்துக் காசுக்குக் கடலை வாங்கினேன், வந்தது சமையல் குறிப்பு.

இப்போதும் இந்த மெல்லிய நாவல்கள் நம் ஊர்க் கடைக்கு வருகின்றன, முன்போல் கட்டுக்கட்டாக இல்லை. கடைசியாக வாங்கியபோது ஒன்று 6 வெள்ளி. ராஜேஷ்குமார் எழுதியவை 1,500க்கும் மேல், விவேக்கும் ரூபலாவும் இன்னும் ஓயவில்லை. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி என்று ஆளுக்கொரு ஜோடி. படிக்க இரண்டு மணி நேரம் போதும். ஒரு ஞாயிறுக்கும் அடுத்த ஞாயிறுக்கும் இடையில் எட்டுப் பேரும் ஒரு பிரதியையே முடித்துவிட முடியும். கசிய நேரமே இல்லை. எங்கள் கணக்குப்படி இதைவிடச் சிறந்த வடிவம் கிடையாது.

குறை இல்லாமல் இல்லை. டீச்சர் சொல்வது போல, நூறு பக்கம் முடிச்சுப் போட்டுவிட்டுக் கடைசி மூன்று பக்கத்தில் ஒருவர் நின்று எல்லாவற்றையும் விளக்கிவிடுவார், நாம் கண்டுபிடிக்க எந்தத் துப்பும் முன்னால் இருந்திருக்காது. மாதம் தவறாமல் எழுதினால் சில மாதம் இப்படித்தான் இருக்கும். எனக்கு அது பெரிதாக உறுத்துவதில்லை. கோயம்புத்தூரில் ஒரு வீட்டுக் கதவு தட்டப்படுகிறது என்று முதல் வரி தொடங்கினால் போதும், நான் காலி.

அப்புறம் ஒரு வருத்தம். சுஜாதா 2008இல் போனதிலிருந்து கணேஷும் வசந்தும் வாய் திறக்கவில்லை. என்னதான் புது வெளியீட்டுப் பட்டியலைப் புரட்டினாலும், நான் உண்மையில் தேடுவது வசந்தின் அடுத்த அசட்டு ஜோக்கைத்தான். அது வராது. மறுபதிப்பை வாங்கி மறுபடி படிக்கலாம்.

தமிழ் நூல் வரவழைக்க இன்னொரு வழி இந்தியா போகிறவர் பெட்டி. டீச்சரின் உறவுக்காரர்கள் ஜனவரியில் சென்னை போகிறார்கள். 120 வெள்ளி என்றால் இந்திய ரூபாயில் 2,000க்கு மேல். புத்தகக் காட்சியில் அது நன்றாகவே பேசும். தபால் செலவு மிச்சம். தொல்லை என்னவென்றால், பெட்டியில் இடம் போட்டி. மிக்சி ஜாரும் முறுக்கும் நுழைந்த பிறகுதான் புத்தகம். போன முறை சொன்னது எட்டு, வந்தது மூன்று. மீதி ஐந்தும் சென்னையில் யாரோ வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கின்றன.

மலாய் நாவல்களை நான் முதலில் கணக்கிலேயே எடுக்கவில்லை. மருந்துக் கடை அக்காதான் அடித்துச் சொன்னார். நாங்கள் எல்லாரும் மலாய் படித்தவர்கள்தானே. அமிர் முகமது 2011இல் தொடங்கிய ஃபிக்சி பதிப்பகம் மலாயில் நகரத்து இருட்டுக் கதைகளை மலிவு விலையில் கொட்டியது. அதே பதிப்பகம் 2013, 2014இல் கோலாலம்பூர் குற்றக் கதைகளை ஆங்கிலத்தில் நான்கு தொகுதியாகவும் போட்டது. 20, 30 வெள்ளிக்குள் ஒரு முழு நாவல், அதுவும் நமக்குத் தெரிந்த சாலையில் நடக்கும் கொலை. ஆனால் மலாயின் பெரிய பருவம் கோலாலம்பூர் அனைத்துலகப் புத்தக விழா, அது ஆண்டின் நடுவில் முடிந்துவிடுகிறது. ஆகஸ்டில் எதிர்பார்க்க அதிகமில்லை. அடுத்த அரையாண்டுப் பணத்தில் சேர்ப்போம் என்றோம். அக்கா முழு மனத்தோடு ஒத்துக்கொள்ளவில்லை.

உள்ளூர் மண் என்று கிராணி ஐயா கேட்டதற்கும் பதில் இல்லாமல் இல்லை. ஷமினி ஃபிளின்டின் இன்ஸ்பெக்டர் சிங் 2009இல் முதல் வழக்குக்கே கோலாலம்பூர் வந்தார். யாங்ஸி சூவின் 2019 நாவல் 1930களின் பத்து காஜாவிலும் ஈப்போவிலும் நடக்கிறது, இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள். தோட்ட லயத்துக்குள் நடக்கும் ஒரு நல்ல துப்பறியும் நாவல் தமிழில் வரட்டும், முன்பணத்தை நானே கட்டுகிறேன் என்று ஐயாவிடம் சொன்னேன். “நீ எழுதேன்” என்றார். பேச்சை மாற்றினேன்.

நூலகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காசில்லை, அது பெரிய விஷயம். தேசிய நூலகத்தின் இணையச் சேவையில் கடன் வாங்கலாம். புது நாவல் வெளிவந்த வாரமே அங்கே இருக்கும் என்று நினைப்பவர் எங்கள் கூட்டத்தில் யாரும் இல்லை.

மின்னூலும் ஒலிநூலும் மிச்சம். மின்னூலுக்கு எதிராக நான் மேலே கணக்குப் போட்டேன், ஆனால் இரண்டு பேர் விஷயத்தில் அது தோற்றது. கிராணி ஐயாவுக்குக் கண்புரை அறுவை முடிந்தும் சின்ன எழுத்து ஓடுகிறது. மின்படிப்பானில் எழுத்தைக் கொய்யாக்காய் அளவுக்குப் பெரிதாக்கலாம். 2016இலிருந்து கிண்டிலில் தமிழும் படிக்கலாம். ஐயா மட்டும், “விளக்குப் போட்ட ஸ்லேட்டுல கதை படிக்க மாட்டேன்” என்கிறார். இன்னும் ஓர் ஆண்டு போகட்டும்.

இன்னொருவன் லோரி தம்பி. இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. செம்பனையில் குலை அதிகம் வரும் பருவமும் லண்டனில் துப்பறியும் நாவல் அதிகம் வரும் பருவமும் ஒன்றே: செப்டம்பர், அக்டோபர். அந்த மாதங்களில் ஆலை வாசலில் லோரிகள் வால் நீண்டு நிற்கும். தம்பிக்குப் பக்கம் புரட்ட நேரம் கிடையாது, ஆனால் வரிசையில் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பான். ஒலிநூல் அவனுக்கென்றே செய்தது. பெரிய ஆங்கில நாவல்களின் ஒலிப்பதிப்பு அச்சு நூலோடு அதே நாளில் வந்துவிடுகிறது. தன் லோரி எடைமேடைக்கு வரும்போது கண்ணாடியை இறக்கி, “அண்ணே, ரெண்டாவது பொணம் விழுந்திடுச்சு” என்பான். நான் காதைப் பொத்திக்கொண்டு சீட்டைக் கொடுப்பேன்.

கடைசியில் இப்படி முடிவானது. அக்கா மகள் மின்னூலும் தம்பி ஒலிநூலும் சொந்தக் காசில். தாளில் படிப்பவர்கள் ஆறு பேர். வேகமாகக் கசியும் ரகத்தில் செப்டம்பர் வெளியீடு ஒன்று, இரண்டு பிரதி முன்பதிவு. மூன்று மூன்று பேராகப் பிரித்தால் 30 நாளில் சுற்று முடியும். மெதுவாகக் கசியும் ரகத்தில் ஒன்று, ஒரே பிரதி, 60 நாள். மொத்தம் 240 வெள்ளி. தமிழ் மாத நாவல் இருபது, 120 வெள்ளி, கடைக்காரரிடம் சொல்லிவைத்தாயிற்று. மீதி 120 வெள்ளி டீச்சரின் உறவுக்காரர் பெட்டிக்கு, ஐந்து புத்தகத்துக்கு மேல் கேட்பதில்லை, முறுக்குக்கு முன்னால் புத்தகம் என்ற நிபந்தனையோடு. தலையணையும் புது எழுத்தாளர்களும் அடுத்த ஆண்டு மெல்லட்டையில்.

இதில் நான் தோற்ற இடம் ஒன்று உண்டு. தலையணை நாவலை நானும் ரகசியமாக எதிர்பார்த்திருந்தேன். என் கணக்கே என் கையைக் கட்டிவிட்டது.

யார் முதலில் படிப்பது என்பதில்தான் சண்டை. கிராணி ஐயா மூத்தவர், முதல் உரிமை கேட்டார். வாய் காரணமாகக் கடைசி இடம்தான் தர முடியும் என்று டீச்சர் தீர்ப்புச் சொன்னார், வகுப்பறைக் குரலில். ஐயா ஒரு வாரம் வரவில்லை. அடுத்த ஞாயிறு வந்து, ஒரு பிரதியில் இரண்டாம் இடம் என்றால் சம்மதம் என்றார். மூன்றாம் இடம் எனக்கு. பழம் குவியும் மாதத்தில் எப்படியும் படிக்க முடியாது என்று நானே எழுதிக்கொண்டேன். அவருக்குப் பிறகு நான் படிக்கும் வரை அவர் எடைமேடைப் பக்கம் வரக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

முன்பதிவுப் பணம் கட்டியாகிவிட்டது. ரசீது என் பெயரில், ஏனென்றால் புத்தகம் வாங்கிய செலவை வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவாக 2,500 வெள்ளி வரை காட்டலாம், எங்களில் வரி கட்டுகிறவன் நான்தான். (இதைக் கேட்டதும் மருந்துக் கடை அக்கா, கழிவில் மிச்சமாகும் காசுக்கு ஒரு மலாய் நாவல் வாங்கச் சொல்லிவிட்டார். சரி, வாங்குகிறேன்.) புத்தகம் வெளியாகும் வியாழக்கிழமை இரவு எனக்கு ஆலையில் வேலை. பணிப்பட்டியலை இப்போதே பார்த்துவிட்டேன்.